நகைச்சுவைக்கு மார்க் போடுவது எப்படி?

சிரிப்பு வந்தது, இல்லை வரவில்லை. இதில் விமர்சகருக்கு என்ன வேலை? ஸ்டாண்ட்-அப் காமெடிக்கும் விமர்சனம் எழுதுகிறார்கள் என்றதும் பலர் கேட்பது இதுதான். யூடியூபில் 5 நிமிடத் துண்டுகளாகவே பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனால் விமர்சகர்கள் பெரும்பாலும் எழுதுவது அந்தத் துண்டுகளைப் பற்றி அல்ல, விழாக்களில் நடக்கும் முழுநீள நிகழ்ச்சிகளைப் பற்றி.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவை எடுத்துக்கொள்வோம். 1947இல் அங்கே சர்வதேசக் கலைவிழா தொடங்கியபோது, அழைப்பே இல்லாத 8 நாடகக் குழுக்கள் தாங்களாக வந்து நாடகம் போட்டன. ஃபிரிஞ்ச் விழா பிறந்தது அப்படித்தான். இன்று ஆகஸ்ட் மாதத்தில் மூன்று வாரத்துக்கு மேல், காமெடியும் சேர்த்து 3,000க்கும் அதிகமான நிகழ்ச்சிகள். தேர்வுக்குழு எதுவும் கிடையாது. இடம் பிடிக்க முடிந்தவர் மேடை ஏறலாம். பல்கலைக்கழக வகுப்பறை, பப்பின் நிலவறை எல்லாம் அரங்கமாகிவிடும். ஒரே அறையில் ஒன்று முடிந்ததும் அடுத்த நிகழ்ச்சி என்பதால், ஒருவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. கிளப்பில் 20 நிமிடம் பேசுபவர் ஜோக்குக்கு மேல் ஜோக்காக அடுக்கித் தப்பித்துவிடலாம். ஒரு மணி நேரத்துக்கு அது தாங்காது, பாதியிலேயே கூட்டம் சோர்ந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் கோக்க ஒரு சரடு வேண்டும்: அப்பாவின் மரணம், விவாகரத்து, ஒரு வீண் பிடிவாதம், ஏதோ ஒன்று. ஆரம்பத்தில் போகிற போக்கில் சொன்ன விஷயம் கடைசியில் திரும்பி வந்து கைதட்டல் வாங்கும். மாதக்கணக்கில் சின்னச் சின்ன அறைகளில், கையில் குறிப்புத்தாளுடன் சொல்லிப் பார்த்து இதைச் செதுக்குகிறார்கள்.

ஆஸ்திரேலியக் கலைஞர் ஹன்னா காட்ஸ்பியின் 'நானெட்' 2017இல் மெல்போர்ன் காமெடி விழாவில் முதல் பரிசு வாங்கியது. அதே ஆண்டு எடின்பரோ காமெடி பரிசை இன்னொரு நிகழ்ச்சியோடு பகிர்ந்துகொண்டது. அதன் முற்பகுதியில் ஒரு கதை. பேருந்து நிறுத்தத்தில் ஒருவனின் காதலியோடு பேசிக்கொண்டிருந்த காட்ஸ்பியை ஆண் என்று நினைத்து அவன் அடிக்க வருகிறான். பெண் என்று தெரிந்ததும் பின்வாங்குகிறான். அரங்கம் சிரிக்கிறது. பின்பகுதியில் அதே கதை மறுபடி வருகிறது. அவன் திரும்பி வந்து அடித்தான், யாரும் தடுக்கவில்லை; சிரிக்க வைப்பதற்காக அதைச் சொல்லாமல் விட்டேன் என்கிறார். இப்போது யாரும் சிரிப்பதில்லை. 2018இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியானதும், இது காமெடியே அல்ல என்று பெரிய சண்டை நடந்தது. காமெடிதான் என்பது என் கட்சி. முதலில் நாம் சிரித்திருக்காவிட்டால் அந்த இரண்டாவது கதை நம்மை ஒன்றும் செய்திருக்காது. சிரிப்பை மட்டும் எண்ணுகிறவர் பின்பாதிக்கு முட்டை மார்க்தான் போட வேண்டியிருக்கும்.

விமர்சனத்துக்கு வியாபார முகமும் உண்டு. பத்திரிகையில் நான்கு, ஐந்து நட்சத்திரம் கிடைத்துவிட்டால் உடனே அதை அச்சடித்துப் போஸ்டரில் ஒட்டுவார்கள், நோட்டீஸில் பின் அடிப்பார்கள். அறை வாடகையும் தங்கும் செலவும் கழுத்தை நெரிக்கும்போது அவர்களைக் குறை சொல்ல முடியாது. (பிரிட்டிஷ் காமெடியன் ஸ்டூவர்ட் லீ மட்டும் தன்னைத் திட்டிய வரிகளையே விளம்பரமாக்கிக்கொள்வார். அது வேறு சாமர்த்தியம்.) ஆனால் ஒரே நாளில் நாலைந்து நிகழ்ச்சி பார்த்து ஓய்ந்த விமர்சகர், பத்து பேர் கூட உட்காராத அறையில் பார்த்துப் போட்ட நட்சத்திரம் அது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பரிசுகளும் அப்படித்தான். பிரிட்டிஷ் கலைஞர் ஜேம்ஸ் அகாஸ்டர் 2012 முதல் 2016 வரை தொடர்ந்து ஐந்து முறை எடின்பரோ காமெடி பரிசின் இறுதிப் பட்டியலில் இருந்தார், ஒருமுறைகூட வெல்லவில்லை. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்த, முன்னாள் கணித ஆசிரியர் ரொமேஷ் ரங்கநாதன் 2013இல் அதே பரிசின் புதுமுகப் பட்டியலிலும் 2014இல் முதன்மைப் பட்டியலிலும் இடம்பெற்றார். இரண்டு முறையும் பரிசு ஜான் கேர்ன்ஸ் என்ற கலைஞருக்குப் போனது. இன்று பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அடிக்கடி தென்படும் முகங்களில் ஒன்று ரங்கநாதனுடையது.

எனவே நகைச்சுவை விமர்சனம் படிக்கும்போது நட்சத்திரத்தைத் தாண்டிப் போங்கள். அந்த ஒரு மணி நேரம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எங்கே தொய்கிறது, யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது என்று எழுதியிருந்தால் அவர் விமர்சகர். நல்ல ஜோக்குகளையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு "சூப்பர்" என்று முடித்திருந்தால், உங்கள் டிக்கெட் காசை வீணாக்கியவர்.