பிள்ளையா குட்டியா?

“உங்களுக்கென்ன, பிள்ளையா குட்டியா?”

நம்மவர் வீடுகளிலும் திருமண மண்டபங்களிலும் அலுவலகங்களிலும் ஓயாமல் ஒலிக்கும் கேள்வி இது. கேட்பவர் விடையை எதிர்பார்ப்பதில்லை. கேள்வியின் உருவில் அவர் தீர்ப்பையே கூறிவிடுகிறார். பிள்ளை இல்லாதவருக்குக் கவலை இல்லை. கவலை இல்லாதவருக்குக் கடமை இல்லை. கடமை இல்லாதவருக்குக் குறிக்கோள் இல்லை. ஆதலால் அவருடைய நேரமும் பொருளும் கேட்பாரற்றுக் கிடப்பவை, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். இத்தனை பிழைகளும் அவ்வொரு தொடரில் அடங்கிக் கிடக்கின்றன. புத்தாண்டு பிறக்கும் வேளையில் இப்பிழையின் விளைவு நன்கு புலப்படும். அதனை எதிர்த்து எழுதுவதே என் நோக்கம்.

யாரைக் குறித்துப் பேசுகிறேன் என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். மகப்பேறு வேண்டித் தவமிருந்தும் கிட்டாதவர்தம் துயரம் வேறு. அதனைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. பிள்ளை வேண்டாமென்று எண்ணித் துணிந்து, அம்முடிவில் நிலைத்து வாழும் ஆண்களையும் பெண்களையுமே இங்குக் குறிப்பிடுகிறேன். நானும் என் கணவரும் அவர்களுள் அடங்குவோம். சமுதாயமோ இருசாராரையும் ஒரே தராசில் நிறுத்து, ஒரே சொல்லால் சுடுகிறது. அச்சொல்லும் பெண்ணுக்கென்றே வார்க்கப்பட்டது. ‘மலடி’ என்ற சொல் உலவும் அளவுக்கு ‘மலடன்’ என்ற சொல் நம் தெருக்களில் உலவியதுண்டா?

சிங்கப்பூரில் பிள்ளை பெற்றோருடைய ஆண்டு அச்சடித்த அட்டவணையாகவே வந்து சேர்கிறது. டிசம்பர் மாதம் பள்ளி விடுமுறை. பாடநூல் வாங்க வரிசை, புதிய சீருடை, காலணி. ஜனவரித் தொடக்கத்தில் பள்ளி திறப்பு. வீட்டில் தொடக்கநிலை ஆறாம் வகுப்புப் பிள்ளை இருந்துவிட்டால் அவ்வாண்டு முழுவதும் அக்குடும்பம் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வைச் சுற்றியே சுழலும். இவ்வாண்டு உங்கள் குறிக்கோள் என்ன என்று அப்பெற்றோரை எவரும் கேட்க வேண்டியதில்லை.

பிள்ளை இல்லாதவருடைய ஆண்டோ வெற்றுத்தாள். இதனை நற்பேறு என்று கருதுவோர் உளர். வெற்றுத்தாளுக்கு ஓர் இயல்பு உண்டு. உரியவர் எழுதாவிடின் பிறர் எழுதிவிடுவர். டிசம்பரில் விடுப்புக் கேட்டால், “பிள்ளையுள்ளவர்கள் முதலில் எடுக்கட்டுமே” என்பார் மேலாளர். முதுமையுற்ற தந்தையை மருத்துவரிடம் யார் அழைத்துச் செல்வது என்ற பேச்சு எழுந்தால் உடன்பிறந்தோர் கண்களெல்லாம் ஒருவரையே நோக்கும். சங்கத்தின் கணக்கை எழுத ஆள் வேண்டுமா? “அவரைக் கேளுங்கள், அவருக்கு வீட்டில் என்ன வேலை?” பெற்றோரைப் பேணுவது கடமை, சங்கப் பணி சிறந்த பணி. இவற்றை நான் மறுக்கவில்லை. நால்வர் பங்கிட வேண்டிய கடமையை ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு, அவர் ஓய்வாக இருக்கிறார் என்று அதற்குக் காரணமும் கற்பிப்பதையே மறுக்கிறேன்.

என் வாழ்விலும் இது நேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் 31ஆம் நாள் இரவு, வரும் ஆண்டில் சிலப்பதிகாரத்தை முழுமையாகப் பயில்வதென்று குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். மொத்தம் 30 காதை. ஒரு காதைக்கு 12 நாள் என்று வைத்தால் 360 நாளில் முடியும். கணக்கு அழகாக இருந்தது. பொங்கலுக்குள் சனிக்கிழமைக் காலைகள் தங்கை மகனின் தமிழ்ப் பாடத்துக்குப் போயின. பிப்ரவரியில் தந்தையின் கண் சிகிச்சை. அதன்பின் ஒரு மலர்க்குழுவின் மெய்ப்புப் பணி. ஆண்டிறுதியில் குறிப்பேட்டைப் புரட்டினேன். இரண்டாவதான மனையறம்படுத்த காதையோடு நின்றிருந்தது. என்னை எவரும் கட்டாயப்படுத்தவில்லை. மறுத்துரைக்க என்னிடம் தக்க காரணம் ஒன்றும் இல்லையென்று நானே நம்பியிருந்தேன். “பிள்ளையா குட்டியா?” என்ற கேள்வி பிறர் வாயிலிருந்து இறங்கி என் நெஞ்சிலேயே குடியேறிவிட்டதை அன்றுதான் உணர்ந்தேன்.

இந்நம்பிக்கைக்கு உரமிடும் வாதங்கள் சில உள. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

பிள்ளை பெறுவது நாட்டுக் கடமை என்பது முதல் வாதம். இந்நாட்டின் வரலாறு என்ன சொல்கிறது? 1966ஆம் ஆண்டில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கென்றே இங்கு ஒரு வாரியம் அமைந்தது. 1970களில் ஆணாயினும் பெண்ணாயினும் இரண்டே போதும் என்று சுவரொட்டிகள் அறிவுறுத்தின; கூடுதல் பிள்ளை பெற்றவருக்குப் பேறுகாலக் கட்டணமும் கூடிற்று. மூன்றாம் பிள்ளையைச் சுமந்த தாய் அன்று நாணித் தலைகுனிந்தாள். 1987ஆம் ஆண்டில் முழக்கம் மாறியது. வசதியிருப்பின் மூன்று அல்லது அதற்கு மேலும் பெறுக என்றனர். 2001ஆம் ஆண்டு முதல் குழந்தைக்கு ஊக்கத்தொகையும் வந்தது. காஸ்வேக்கு அப்பாலோ 1984ஆம் ஆண்டில், 2100க்குள் மலேசிய மக்கள்தொகை 7 கோடியாக வேண்டும் என்ற இலக்கு அறிவிக்கப்பட்டது. ஒரு பெண்ணின் பேறுகாலத்துக்குள்ளேயே இரண்டு முறை மாறிய கணக்கை மாறாத அறமென்று எவ்வாறு கொள்வது? சிங்கப்பூரின் கருவள விகிதம் 2023ஆம் ஆண்டில் 0.97ஆகக் குறைந்தது உண்மையே. அரசு கவலைப்படுவதில் தவறில்லை. ஆயினும் நாட்டின் புள்ளிவிவரத்தைத் திருத்தவென்று ஓர் உயிரை ஈன்றெடுப்பது அவ்வுயிருக்குச் செய்யும் நீதியாகுமா?

முதுமையில் யார் பார்ப்பார் என்பது இரண்டாம் வாதம். இக்கேள்வி நியாயமானது. ஆனால் பிள்ளைகள்தாம் இதற்குரிய உறுதியான விடை என்றால், 1995ஆம் ஆண்டில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தை ஏன் இயற்ற வேண்டும்? தம்மைக் காப்பாற்றிக்கொள்ள இயலாத மூத்தோர் தம் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டு முறையிட நடுவர் மன்றம் ஏன் அமைய வேண்டும்? அன்போடு பேணும் பிள்ளைகள் பலர் உளர், அவர்களை வணங்குகிறேன். ஆயினும் மகவைக் காப்புறுதிப் பத்திரமாக எண்ணிப் பெறுவது அன்பன்று.

தமிழ் மரபு இடங்கொடாது என்பது மூன்றாம் வாதம். மரபைக் காட்டி அச்சுறுத்துவோர் அம்மரபை முழுமையாகக் காண்பதில்லை. வள்ளுவர் மக்கட்பேற்றை ஏழாம் அதிகாரத்தில் போற்றினார், உண்மை. அவரே ஒருவரது தகுதியை அவரவர் எச்சத்தால் அறியலாம் என்றபோது, பரிமேலழகர் அவ்வெச்சத்துக்கு நன்மக்கள் எனப் பொருள் கண்டார். மு. வரதராசனாரோ பின்னே எஞ்சி நிற்கும் புகழும் பழியும் என்றார். ‘புகழ்’ அதிகாரத்தில் வள்ளுவரே புகழை எச்சமென்று வெளிப்படையாகக் கூறுகிறார். எச்சம் என்ற ஒரு சொல்லுக்குள்ளேயே இத்தனை இடம் இருக்கும்போது, மரபின் கதவை அடைத்துத் தாழிடுவோர் யார்? கண்ணகிக்கு மகவில்லை. அதன்பொருட்டு அவளைக் குறைத்து மதித்த தமிழர் உண்டா?

அண்மைக்கால மரபையும் பாருங்கள். 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சென்றவர் தந்தை பெரியார். மற்றவர்கள் கர்ப்பத்தடையை உடல்நலம் கருதியும் வறுமை கருதியும் நாட்டுநலம் கருதியும் ஆதரிக்க, அவரோ பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று வாதிட்டார். அச்சீர்திருத்தக் காற்றில் வளர்ந்தவை நம் மேடைகள். அதே மேடையில் பெரியார் பெயருக்குக் கைதட்டிவிட்டு, இறங்கி வந்து பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் “ஏனம்மா, ஒன்றும் இல்லையா?” என்று இரக்கத்தோடு வினவுகிறோம். இம்முரண்பாட்டுக்கு நாம் நாண வேண்டாமா?

பழிப்பைக் காட்டிலும் பாராட்டில் நுழையும் தீங்கு பெரிது. நூல் வெளியீட்டு விழாக்களில் இதனைக் கேட்கலாம். பொன்னாடை போர்த்தும்போது ஒருவர் சொல்வார்: “இவருக்குப் பிள்ளையில்லை என்று யார் சொன்னது? இவர் எழுதிய நூல்களே இவருடைய பிள்ளைகள்!” அவையோரும் மகிழ்ந்து கைதட்டுவர். அன்பினால் சொன்னதுதான், எனினும் அதன் உட்பொருளைக் கருதுங்கள். இவரிடம் ஒரு குறை இருக்கிறது. அதற்கு நூல்கள் பரிகாரமாயின என்பதன்றோ அது? நாலு பிள்ளை பெற்ற எழுத்தாளரின் நூல் நூலாகவே மதிக்கப்படுகிறது. என் நூல் மட்டும் தொட்டிலில் கிடத்தப்படுகிறது! நம் சமுதாயம் பிள்ளையில்லாத பெண்ணுக்கு இரண்டு இருக்கைகளே வைத்திருக்கிறது. ஒன்றில் இரங்கத்தக்கவளாக அமரலாம். மற்றொன்றில் அமுதசுரபி ஏந்திய மணிமேகலையாக, பிறர்க்கென்றே வாழும் துறவியாக அமரலாம். வேலைக்குச் சென்று, விரும்பிய உணவை உண்டு, நண்பரோடு சிரித்து, மாலையில் களைத்து உறங்கும் இயல்பான பெண்ணுக்கு அங்கே இருக்கை இல்லை.

இப்பரிகார எண்ணமே புத்தாண்டுக் குறிக்கோள்களைக் கெடுக்கிறது. பிள்ளை இல்லையே, அதற்கீடாக இவ்வாண்டு பெரிதாக ஏதேனும் சாதித்தாக வேண்டும் என்று சிலர் பரபரக்கின்றனர். பட்டம், பதவி உயர்வு, பத்து நாட்டுப் பயணம் என்று பட்டியல் நீள்கிறது. யாரிடம் கணக்கு ஒப்புவிக்க இந்த ஓட்டம்? வேறு சிலரோ பிள்ளையில்லாமையைப் பொறுப்பில்லாமைக்குக் கிடைத்த உரிமமாகக் கொண்டு, பிள்ளை வளர்ப்போரை எள்ளி நகையாடுகின்றனர். இவ்விரு சாராரும் பிள்ளையை நடுவில் வைத்தே தம் வாழ்வை அளக்கின்றனர்.

அவ்வாறாயின் எத்தகைய குறிக்கோள்களை வகுப்பது? எனக்குப் பயன்பட்டவற்றைக் கூறுகிறேன்.

முதலாவது, தாள்களைச் செம்மை செய்வது. சிங்கப்பூரில் முஸ்லிமல்லாத ஒருவர் பிள்ளையின்றி, உயிலும் எழுதாமல் இறந்து, துணைவரும் பெற்றோரும் உயிருடனிருந்தால், சொத்தில் பாதி துணைவருக்கும் பாதி பெற்றோருக்கும் செல்லும். இது பலருக்குத் தெரிவதில்லை. மத்திய சேமநிதிப் பணம் உயிலுக்குக் கட்டுப்படாது. அதற்குத் தனியே நியமனம் செய்ய வேண்டும். திருமணத்துக்கு முன் செய்த நியமனம் திருமணத்தோடு செல்லாததாகிவிடும். மலேசியாவிலும் ஊழியர் சேமநிதிக்குத் தனி நியமனம் உண்டு. நாமே முடிவெடுக்க இயலாத நிலை வந்தால் நம் சார்பில் முடிவெடுப்பவரை முன்கூட்டியே அமர்த்திக்கொள்ளும் பத்திரத்துக்கும் சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு முதல் சட்டம் வழிசெய்துள்ளது. “யார் பார்ப்பார்?” என்ற கேள்விக்கு ஜனவரி மாதத்திலேயே எழுத்தில் விடை காண்பது ஆண்டு முழுதும் அஞ்சுவதைவிட நன்று.

இரண்டாவது, கடமைக்கு எல்லை வகுப்பது. தந்தைக்கு மாதத்தில் இத்தனை நாள், சங்கத்துக்கு ஒரு பணி, உறவினருக்கு உதவ ஆண்டுக்கு இவ்வளவு தொகை என்று முன்னரே முடிவு செய்து, உடன்பிறந்தோரிடம் ஆண்டுத் தொடக்கத்திலேயே கூறிவிடுவது. எல்லை வகுத்தபின் நான் தந்தையோடு கழித்த நாள்கள் குறையவில்லை; அவரிடம் நான் எரிந்து விழுந்த நாள்களே குறைந்தன.

மூன்றாவது, உறவை வளர்ப்பது. நம்மினும் இளையோர் ஒருவரோடும் மூத்தோர் ஒருவரோடும் ஆண்டு முழுதும் அறுபடாத நட்பு. இளையவரைப் பிள்ளைக்கு மாற்றாகக் கொள்ளாமல் நண்பராகவே கொள்ள வேண்டும்.

நான்காவது, பயனை எவருக்கும் விளக்க வேண்டாத ஒன்றைத் தொடங்கி முடிப்பது. நடையாகலாம், வீணையாகலாம், மலாய்மொழியாகலாம். எனக்கு அது சிலப்பதிகாரம். அதற்குரிய காலைப் பொழுதைக் குறிப்பேட்டில் முதலில் எழுதுவேன். பிறர் பணிகள் அதன் பின்னரே வரும். “அந்நேரத்தில் என்ன செய்கிறாய்?” என்றால் “படிக்கிறேன்” என்பேன். அந்த ஒரு சொல்லே போதிய காரணம்.

பிள்ளை பெற்ற நண்பர்களுக்கும் ஒரு சொல். உங்கள் பிள்ளைகள் வளர்வர், வேலைக்கும் வேற்றூருக்கும் செல்வர், தனிவீடு காண்பர். அன்று அச்சடித்த அட்டவணை நின்றுபோகும். வெற்றுத்தாள் உங்கள் மேசைக்கும் வரும். அதில் என்ன எழுதுவதென்று தெரியாமல் திகைக்கும் தாய்மார் நம்மிடையே பலர். இன்று எங்களைப் பார்த்து “உங்களுக்கென்ன?” என்று கேட்பதை விடுத்து, “இவ்வாண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கேளுங்கள். அக்கேள்விக்கு விடை சொல்ல நாங்கள் அணியமாயிருக்கிறோம். அவ்விடை ஒருநாள் உங்களுக்கும் உதவும்.