வாசல் தளம் பெயர்ந்திருக்கிறதா? உடைக்கும் முன் இதைப் படியுங்கள்!

கேட்டிலிருந்து வீட்டுப் படி வரை போட்டிருக்கும் சிமென்ட் தளம் பத்து, பதினைந்து வருடங்களில் வயதைக் காட்ட ஆரம்பித்துவிடும். பைக் நிறுத்தும் இடத்தில் எண்ணெய்க் கறை, கார் சக்கரம் ஏறி இறங்கும் இடத்தில் குழி, மதில் ஓரத்தில் பச்சைப் பாசி, நடுவே நீளமாக ஒரு விரிசல். ஆளைக் கூப்பிட்டுக் காட்டினால், ‘மொத்தமா உடைச்சுட்டு டைல்ஸ் போட்டுடலாம்’ என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

பல வீடுகளுக்கு அந்தச் செலவு தேவையே இல்லை. பளபளப்பான டைல்ஸைவிடச் சொரசொரப்பான சிமென்ட் தளம்தான் மழையில் பாதுகாப்பானது. அதை இரண்டு வார இறுதிகளில், குறைந்த செலவில் சரிசெய்துவிடலாம். ஆனால், தள்ளிப்போடக் கூடாது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் அந்தப் பாசி வழுக்க ஆரம்பிக்கும். வயதானவர்கள் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், மாதக்கணக்கில் படுக்கைதான்.

முதலில் தட்டிப் பாருங்கள்

சின்ன சுத்தியலால் தளத்தை அங்கங்கே தட்டுங்கள். ‘ணங்’கென்று கேட்டால் உறுதியாக இருக்கிறது. ‘டொக் டொக்’கென்று கேட்டால் மேல்பூச்சு விட்டிருக்கிறது, அல்லது கீழே மண் இறங்கியிருக்கிறது. பெருச்சாளி வளை, கசியும் குழாய், மரத்தின் வேர் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். தளமே உள்வாங்கியிருந்தால் ஒட்டுப் போடுவது வீண். கொத்தனாரை அழைத்துக் காரணத்தை முதலில் சரிசெய்யுங்கள்.

விரிசலின் இரண்டு முனைகளிலும் மார்க்கரால் கோடு போட்டு, தேதியை எழுதி வையுங்கள். ஒரு மாதத்தில் விரிசல் கோட்டைத் தாண்டவில்லை என்றால் தைரியமாக அடைக்கலாம்.

பாசிக்கு பிளீச்சிங் பவுடர்

10 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, வெயில் தாழ்ந்த நேரத்தில் பாசியின் மீது ஊற்றுங்கள். அரை மணி நேரம் ஊறியதும் கெட்டியான துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுங்கள். கையுறை அவசியம். கழுவிய தண்ணீர் செடிகளுக்கோ, மழைநீர் சேகரிப்புக் குழிக்கோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதோடு ஆசிட்டையோ, டாய்லெட் கிளீனரையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் பாதிக்கும். ஆசிட்டைத் தனியாக ஊற்றுவதும் தவறுதான். அது கறையோடு சிமென்ட்டையும் அரித்துவிடும். பிறகு தளம் பொடிப்பொடியாக உதிரும்.

எண்ணெய்க் கறைக்கு மரத்தூள்

புதிய கறை என்றால் மரத்தூளைக் கொட்டி ஓர் இரவு விட்டுவிடுங்கள். எண்ணெயை அது உறிஞ்சிக்கொள்ளும். பழைய கறைக்குச் சலவை சோடாவை வெந்நீரில் குழைத்துப் பூசி, சில மணி நேரம் கழித்துத் தேய்த்துக் கழுவுங்கள். ஒரே தடவையில் போகாது. இரண்டு, மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில் புது சிமென்ட் ஒட்டாது என்பதால், சுத்தம் செய்த பிறகே ஒட்டு வேலையைத் தொடங்க வேண்டும்.

விரிசலும் குழியும்

முடி போன்ற விரிசலுக்குச் சிமென்ட் பால் போதும். அகலமான விரிசலை உளியால் கொஞ்சம் கொத்தி, தூசியை எடுத்து, நனைத்து, ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு மணல் கலந்து அடையுங்கள். சிமென்ட்டோடு கலக்கும் லேடெக்ஸ் திரவத்தைச் சேர்த்தால் பிடிப்பு கூடும். தளம் போடும்போதே வேண்டுமென்று விட்ட நேரான இடைவெளிகளைச் சிமென்ட் வைத்து அடைக்காதீர்கள். வெயிலில் தளம் விரிவதற்கான இடம் அது.

குழியில் மேலாக ஒரு பூச்சு பூசினால் சில மாதங்களிலேயே அப்பளம்போலப் பெயர்ந்துவரும். ஓரங்களைச் செங்குத்தாக வெட்டி, 2 இன்ச் ஆழமாவது எடுக்க வேண்டும். 2 அடிக்கு 2 அடி குழி என்றால் 6 கிலோ சிமென்ட் போதும். 4 லிட்டர் பாத்திரத்தால் சிமென்ட் ஒன்று, மணல் இரண்டு, சிப்ஸ் ஜல்லி நான்கு என்று அளந்துகொள்ளலாம். தண்ணீர் அதிகமானால் பலம் குறையும். கலவை கெட்டியாகவே இருக்கட்டும். குழியை நனைத்து, சிமென்ட் பால் தடவி, கலவையைக் குத்தி நிரப்புங்கள். கரண்டியால் மழமழவென்று இழைக்காமல், இறுகும் முன் துடைப்பத்தால் லேசாக ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அந்தச் சொரசொரப்புதான் கால் வழுக்காமல் காப்பாற்றும்.

மறுநாளிலிருந்து 7 நாள்கள் ஈரச் சாக்கைப் போட்டு மூடி, காயவிடாமல் தண்ணீர் தெளியுங்கள். ஒட்டு நிலைப்பது இதில்தான். அதுவரை பைக்கைக்கூட ஏற்றாதீர்கள். காருக்கு இன்னும் சில நாள்கள் பொறுங்கள்.

தார் தளமாக இருந்தால்...

சில குடியிருப்புகளில் உள்பாதை தார் போட்டதாக இருக்கும். அங்கே கறை எடுக்க மண்ணெண்ணெய், டீசல் வேண்டாம். அவை தாரையே கரைத்துவிடும். சோப்புத் தண்ணீரே போதும். குழியைச் சிமென்ட்டால் அடைத்தால், தார் வெயிலில் இளகும், சிமென்ட் இளகாது, ஓரம் விட்டுவிடும். மூட்டையாகக் கிடைக்கும் ‘கோல்டு மிக்ஸ்’ தார்க் கலவையைச் சிறிது சிறிதாகக் கொட்டி, இடித்து இறுக்க வேண்டும்.

தண்ணீர் எங்கே நிற்கிறது?

எல்லாம் முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள். 10 அடி நீளத்துக்கு ஒன்றரை இன்ச் சரிவு இருந்தால் தண்ணீர் ஓடிவிடும். தேங்கி நிற்கும் இடத்தில்தான் மறுபடியும் பாசி பிடிக்கும். மாடியிலிருந்து வரும் மழைநீர்க் குழாய் நேராகத் தளத்தில் கொட்டினால், ஒரு பைப் துண்டை இணைத்து மழைநீர் சேகரிப்புக் குழிக்குத் திருப்பிவிடுங்கள்.