விலை உயர்ந்த பெட்ரோல் வண்டிக்கு வலிமை தருமா?



இத்திங்கள் ஒரு சிறு கணக்கை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ரயில்வே சரக்கு அலுவலகத்தில் எடையும் கட்டணமும் எழுதிப் பழகிய கை இது. எதைக் கண்டாலும் கூட்டிக் கழித்துப் பார்க்கத் தோன்றுகிறது. இக்கணக்கு பெட்ரோலைப் பற்றியது. மோட்டார் வைத்திருப்போருக்கு மட்டும் உரியது என்று எண்ணி மற்றவர்கள் ஏட்டைப் புரட்டிவிட வேண்டாம். வீட்டுக் கணக்கில் எங்கே காசு வீணாகிறது, எங்கே அவசியச் செலவு தள்ளிப் போகிறது என்பதே இதன் உட்பொருள்.

அஜனி ரயில்வே குடியிருப்புக்கு நாள்தோறும் இட்லி மாவு கொண்டுவந்து தரும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். நெல்லைச் சீமையிலிருந்து நாகபுரிக்கு வந்து, சைக்கிளில் மாவு விற்றுத் தொடங்கி, இருபது ஆண்டு உழைப்பில் ஒரு சிறு பெட்ரோல் வேன் வாங்கினார். வெள்ளிக்கிழமைதோறும் அதற்குச் சந்தனப் பொட்டு வைக்கத் தவறமாட்டார். ஒருநாள் பெட்ரோல் பங்கில் அவருடன் நின்றிருந்தேன். பையன் வாய் திறக்குமுன்பே, "பிரீமியம் போடு" என்றார்.

"ஏன் அண்ணாச்சி, லிட்டருக்கு எட்டு ரூபாய் கூடுதலாயிற்றே?" என்றேன்.

"தம்பி, நமக்குச் சோறு போடுகிற வண்டி இது. அதற்கு நாம் நல்ல சாப்பாடு போட வேண்டாமா?" என்றார்.

அன்பில் பிறந்த சொல். மறுத்துரைக்க மனம் வரவில்லை, பேசாதிருந்துவிட்டேன்.

ஆடி மாதத்து மழையில் ஒரு காலை வேளை. பள்ளிக்கூடத்தில் மகனை இறக்கிவிட்டு மாவு கொடுக்கச் செல்லலாம் என்று அண்ணாச்சி புறப்பட்டார். குறுக்கே வந்த ஸ்கூட்டருக்காகப் பிரேக்கை மிதித்தபோது வண்டி நிற்கவில்லை. ஈரச் சாலையில் வழுக்கிச் சென்று நடுச்சுவரில் மோதியது. நல்லவேளை, உயிருக்குத் தீங்கில்லை. ஆனால் பையனின் மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டுப் போட நேர்ந்தது. மாலையில் வண்டியைப் பார்க்கச் சென்றேன். நான்கு டயர்களும் தேய்ந்து வழுவழுவென்றிருந்தன. டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டர் ஆழமாவது இருக்கவேண்டும் என்பது விதி. இங்கே பள்ளம் என்று சொல்லவே ஒன்றுமில்லை.

"மாற்ற வேண்டும் என்றுதான் இருந்தேன் தம்பி. பத்தாயிரம் ரூபாய் ஒரே மூச்சில் புரளவில்லை" என்று அவர் தலைகுனிந்து சொன்னார்.

அன்றிரவு கணக்குப் போட்டேன். நாளொன்றுக்கு 4 லிட்டர், மாதத்தில் 26 நாள். ஆக 104 லிட்டர். லிட்டருக்கு 8 ரூபாய் வீதம் 832 ரூபாய். ஆண்டுக்கு 9,984 ரூபாய்! புரளவில்லை என்று அவர் வருந்திய பணம் சிறுகச் சிறுகப் பெட்ரோல் பங்கிலேயே புரண்டுபோயிருந்தது. அந்தச் செலவால் வண்டிக்கு ஏதேனும் நன்மை உண்டா என்று அதன் பின்னர்தான் விசாரிக்கத் தொடங்கினேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். ஆயினும், பணிமனையில் வேலை செய்யும் நண்பர் ஒருவரிடம் கேட்டும் படித்தும் தெளிந்தவற்றை இங்கே சொல்லுகிறேன்.

எஞ்சினுக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து புகுகின்றன. பிஸ்டன் மேலெழுந்து அக்கலவையை அமுக்குகிறது. தக்க தருணத்தில் பிளக் பொறி விட, தீ ஒரு முனையிலிருந்து சீராகப் பரவிப் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. ஆனால் அமுக்கமும் சூடும் மிகுந்துவிட்டால், தீ வந்து சேருமுன்பே மூலையில் எஞ்சிய கலவை தானாகவே வெடித்துவிடும். அப்போது எழும் டக்டக் என்ற ஓசையை 'நாக்கிங்' என்பார்கள். அது தொடர்ந்தால் எஞ்சினுக்குக் கேடு. இவ்வாறு முந்திக்கொண்டு வெடிக்காமல் அமுக்கத்தைத் தாங்கும் தன்மையை அளப்பதே ஆக்டேன் எண். ஐசோ ஆக்டேன் என்னும் பொருளுக்கு 100, எளிதில் வெடிக்கும் ஹெப்டேனுக்கு 0 என வைத்து இந்த அளவுகோலை 1920களில் அமெரிக்காவில் வகுத்தார்கள். ஆகவே ஆக்டேன் எண் என்பது பெட்ரோலின் பொறுமையைக் காட்டுவதேயன்றி அதன் வலிமையைக் காட்டுவதன்று.

இதற்கு எத்தனாலே தக்க சான்று. அதன் ஆக்டேன் எண் 108 அளவில் உள்ளது, பெட்ரோலைவிட மிகுதி. ஆனால் ஒரு லிட்டர் எத்தனால் எரிந்தால் கிடைக்கும் வெப்பமோ, ஒரு லிட்டர் பெட்ரோல் தருவதில் மூன்றில் இரண்டு பங்குதான். எண் கூடினால் வலிமை கூடும் என்ற எண்ணம் இங்கேயே உடைந்துபோகிறது.

கலவையை மிக அதிகமாக அமுக்கும்படி அமைத்த எஞ்சினுக்குப் பொறுமை மிக்க பெட்ரோல் இன்றியமையாதது. சாதாரணப் பெட்ரோலுக்கென்று அமைத்த எஞ்சினில் அந்த அளவு அமுக்கமே எழுவதில்லை. எழாத அமுக்கத்தைத் தாங்குவதற்குக் கூலி கொடுத்து என்ன பயன்? முதல் வகுப்புச் சீட்டு வாங்கியவருக்காக ரயில் வண்டி முன்னதாகப் போய்ச் சேர்வதில்லை. அவருக்கு மெத்தையாவது கிடைக்கிறது. நம் வேனுக்கு அதுவும் இல்லை.

இதனை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஏ.ஏ.ஏ. எனப்படும் மோட்டார் சங்கம், சாதாரணப் பெட்ரோலுக்கென்று அமைத்த எஞ்சின்களில் இருவகைப் பெட்ரோலையும் ஊற்றிச் சோதித்து, 2016ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டது. வலிமையிலோ, மைலேஜிலோ, புகையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டது. தேவையின்றி உயர்வகைப் பெட்ரோல் ஊற்றியதால் அந்நாட்டார் ஓராண்டில் வீணாக்கிய தொகை 210 கோடி டாலருக்கும் மேல் என்றும் அது கணக்கிட்டது.

நம் நாட்டு நிலையையும் பார்ப்போம். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிப்படி சாதாரணப் பெட்ரோலுக்குக் குறைந்தது 91, உயர்வகைக்குக் குறைந்தது 95 என எண் வரையறுக்கப்பட்டது. பின்னர் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவியது. அக்கலவையின் எண் 95 என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் அளித்தது. அவ்வாறாயின், 95 என்ற எண்ணுக்காகவே கூடுதல் பணம் கொடுப்பவர், சாதாரணக் குழாயிலேயே கிடைப்பதை இருமுறை விலைக்கு வாங்குகிறார் அல்லவா? சில உயர்விலை வகைகளில் எஞ்சினின் உட்புறத்தைத் தூய்மை செய்யும் மருந்தும் கலக்கிறார்கள். அதற்குப் பயனே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது ஆக்டேனின் பயன் அன்று. அதனால் புதிய வலிமை பிறப்பதும் இல்லை.

நிற்க. எல்லா வண்டிக்கும் இதுவே நீதி என்று கொள்ளலாகாது. டர்போ பொருத்திய சில வண்டிகளுக்கும் விலையுயர்ந்த சில மோட்டார் சைக்கிள்களுக்கும் 95 அல்லது அதற்கு மேற்பட்ட எண் தேவை என்று கையேட்டில் அச்சிட்டிருப்பார்கள். அங்கே சிக்கனம் பார்ப்பது தவறு. புதிய எஞ்சின்களில் நாக்கிங்கை உணரும் கருவி பொறி விடும் நேரத்தைத் தள்ளிவைத்து எஞ்சினைக் காக்கும்; ஆனால் இழுவை குறையும். பழைய வண்டியில் கரி படிந்தும் நாக்கிங் எழலாம். அப்போது உயர்வகைப் பெட்ரோல் ஓசையை அடக்கக்கூடும். எனினும் நோய்க்கு மருந்து கரியை நீக்குவதே.

அண்ணாச்சியிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். அவர் எளிதில் ஒப்பவில்லை. "படித்தவன் சொல் இருக்கட்டும், என் வண்டி சொல்லட்டும்" என்றார். நியாயமான பேச்சு. புது டயர் மாட்டிய பின், மூன்று முறை சாதாரணப் பெட்ரோலும் மூன்று முறை உயர்வகையும் டாங்க் நிறைய ஊற்றி, ஓடிய தூரத்தை ஒரு நோட்டில் குறித்தோம். அதே தெருக்கள், அதே மாவுச் சுமை. சாதாரணப் பெட்ரோலில் லிட்டருக்கு 15.1 கிலோமீட்டர், உயர்வகையில் 15.2. ஒருநாள் போக்குவரத்து நெரிசல் சற்றுக் கூடினாலே அவ்வளவு வேறுபாடு வந்துவிடும். அண்ணாச்சி நோட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டியின் கையேட்டைத் தேடி எடுத்தோம். பிளாஸ்டிக் உறை கூடப் பிரியாமல் இருந்தது. அதில் கேட்டிருந்த எண் 91.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். இங்கே அது நஞ்சாகவில்லை, வீணாயிற்று. ஆனால் வீணான காசு வேறோரிடத்தில் குறைந்தபோது அதுவே ஆபத்தாயிற்று. ஊரை விட்டு வந்து உழைக்கும் நமக்கு வண்டி என்பது பிழைப்பு. அதனால் அதன்மேல் அன்பும் உண்டு. அந்த அன்பைக் காட்ட வழிகள் பல. டயர் தேயுமுன் மாற்றுவதும், வாரம் ஒருமுறை காற்றுப் பார்ப்பதும், பிரேக்கையும் எண்ணெயையும் உரிய காலத்தில் கவனிப்பதும் அவை. விலை மிகுந்தது எல்லாம் நமக்கு உரியது என்று நம்புவதற்கு முன், கையேட்டை ஒருமுறை திறந்து பாருங்கள்.

பையனின் கட்டை அவிழ்த்தாயிற்று. கை நேராகக் கூடியிருக்கிறது. சென்ற வாரம் மீண்டும் அதே பங்கில் அண்ணாச்சியைக் கண்டேன். பையன் வழக்கம்போல் உயர்வகைக் குழாயை எடுத்தான். அண்ணாச்சி கையை உயர்த்தி, "சாதா" என்றார். இந்திக்கும் தமிழுக்கும் பொதுவான அந்த ஒரு சொல் போதுமானதாயிருந்தது. மாதந்தோறும் மிஞ்சும் 832 ரூபாயை மகன் பெயரில் அஞ்சலகத்தில் போட்டு வருகிறாராம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.