கணினி யாருடையது?



காசு கொடுத்து வாங்குபவன் ஒருவன், கட்டியாள்பவன் வேறொருவன்! இக்கேட்டினைத் தமிழன் நிலத்தில் கண்டான், நீரில் கண்டான். இன்று தன் பிள்ளையின் கைப்பொருளாகிய கணினியிலும் காண்கின்றான்; கண்டும் உணராதிருக்கின்றான்.

மொரப்பூர்ப் பக்கத்துச் சிற்றூரில் மாணவி ஒருத்தி, தன் தமையனுக்கு அரசு வழங்கிய பழைய மடிக்கணினியைத் திறக்கின்றாள் என்று கொள்க. அதன் நினைவகம் 2 கிகாபைட்டு. அவளுக்கு வேண்டுவது ஒரு கட்டுரையைத் தட்டச்சிடுவது, அவ்வளவே. ஆனால், வன்வட்டு சுழன்று இரைகின்றதேயன்றி எழுத்தொன்றும் திரையில் விழக் காணோம். ‘கருவி கெட்டது, புதிது வாங்கு’ என்பர் அறிந்தார்போல் நடிப்பார். கருவி கெடவில்லை! அவள் ஏவாத பணிகளை அது செய்துகொண்டிருக்கின்றது!

எவை அப்பணிகள்? கோப்புகளையெல்லாம் துருவி அட்டவணையிடுவது ஒன்று. புதுப்பிப்புகளை இறக்குவது ஒன்று. நாளை திறக்கக்கூடும் என்று செயலிகளை இன்றே நினைவகத்தில் ஏற்றிவைப்பது ஒன்று. கருவியின் நடப்பைத் திரட்டி மைக்ரோசாப்டு நிறுவனத்துக்கு அனுப்புவது இன்னொன்று! வீட்டுப் பயனர்க்கான விண்டோசுப் பதிப்பில், இவ்வனுப்புதலைக் குறைக்கலாமேயன்றி முற்றாக நிறுத்த வழியில்லை. இவை அனைத்தும் சேர்ந்து நினைவகத்தை நிரப்பியதும், எஞ்சியவை வன்வட்டுக்குத் தள்ளப்படுகின்றன. வன்வட்டோ நினைவகத்தைவிடப் பன்மடங்கு மெதுவானது. உடையவள் வாயிலில் நிற்க, அழையா விருந்தினர் திண்ணையையும் கூடத்தையும் நிறைத்த கதை இதுதான்!

காப்புக்கான புதுப்பிப்பு வேண்டும், அதனை மறுப்பாரில்லை. உடையவர் ஒப்புதலின்றி நுழையும் சுமையே வேண்டா என்பது.

இச்சுமையின் முடிவு என்ன? 2015இல் வெளியான விண்டோசு 10, 2 கிகாபைட்டு நினைவகத்தில் இயங்கும் என்றனர். 2021இல் வந்த விண்டோசு 11, 4 கிகாபைட்டு நினைவகமும் 64 கிகாபைட்டுச் சேமிப்பிடமும் காப்புக்கான வன்பொருள் வசதியும் கேட்டது. 2025 அக்தோபர் 14உடன் விண்டோசு 10க்கான பொது ஆதரவும் முடிந்தது. நல்ல கருவிகள் குப்பைக்கு. ஏழையின் பணம் விற்பவன் பைக்கு!

மாற்று இல்லையா? உண்டு! 1991இல் இலினசு தோர்வால்சு தொடங்கிய இலினக்சுக் கருவின்மேல் எளிய இயங்குதளங்கள் பல எழுந்துள்ளன. இலுபுண்டு, எக்சுஎப்சிஇ முகப்புடன் கூடிய தெபியன், ஆண்டிஎக்சு ஆகியவை பழைய கருவிக்கும் உயிரூட்டுவன. விலையில்லை, மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். எந்தப் பணி ஓடவேண்டும், எது ஓய வேண்டும் என்பதை உடையவரே முடிவு செய்யலாம். தமிழ்99 விசைப்பலகையும் அவற்றில் உண்டு.

இது கடல்கடந்த புதுமையுமன்று. சென்னை சி-டாக் உருவாக்கிய பாசு இலினக்சு 2007இல் வெளிவந்தது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் மடிக்கணினித் திட்டத்துக் கருவிகள் பலவற்றில் விண்டோசோடு அதுவும் இருந்தது. எத்தனை பள்ளிகளில் அதைத் திறந்து காட்டினர்? அண்டைக் கேரளமோ தன் பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளிலேயே இயக்குகின்றது. மலையாளப் பிள்ளைக்கு இயல்வது தமிழ்ப் பிள்ளைக்கு இயலாதா?

‘சில செயலிகள் விண்டோசில்தானே இயங்கும்?’ என்பர். உண்மை. அத்தகைய வேலையுடையார் அதனை வைத்துக்கொள்க; தொடக்கத்தில் தாமே எழும் தேவையற்ற செயலிகளையேனும் பணி மேலாளரில் நிறுத்துக. கட்டுரை எழுதவும் பாடம் படிக்கவும் இணையம் காணவும் அத்தளைக்குத் தேவை என்ன?

வேண்டாத பிறசொல் புகுந்து தமிழ்ச்சொல்லின் இருக்கையைப் பறித்ததை உணர்ந்தவர்க்கு, வேண்டாத பணி புகுந்து கருவியைப் பறிப்பதும் விளங்காமற் போகாது.

ஆசிரியர்களே, இளைஞர்களே! விரலி ஒன்றில் இலுபுண்டுவை ஏற்றுங்கள். முதலில் கோப்புகளைப் படியெடுத்துக் காத்துக்கொள்ளுங்கள். பழைய கருவியொன்றில் நிறுவாமலே அதனை ஓட்டிப் பாருங்கள். பொருந்தினால் நிறுவுங்கள், அண்டை வீட்டார்க்கும் நிறுவித் தாருங்கள். ஊர்க்கொரு கருவி மீண்டால், ஊர்க்கொரு பிள்ளை மீளும்.

வாங்கியவனே ஆளட்டும்!