ஒழுங்கு பிறவிக்குணமா?

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ‘கைசன்’, ‘ஐந்து எஸ்’ ஆகிய சொற்கள் இன்று தொழிலாளர் நாவில் இயல்பாக வழங்குகின்றன. அவற்றைத் தொடர்ந்து ஒரு தவறான எண்ணமும் பரவியுள்ளது. “ஜப்பானியர் பிறவியிலேயே ஒழுங்கானவர், மறுபேச்சின்றி உழைப்பவர், நம்மவர்க்கு அது வராது” என்பதே அவ்வெண்ணம். ஜப்பானியரைப் புகழ்வதுபோல் தோன்றினும் இக்கூற்று அவர்களை அறியவுமில்லை. தமிழ்த் தொழிலாளரை மதிக்கவுமில்லை.

இரண்டாம் உலகப்போரை அடுத்த ஆண்டுகளில் ஜப்பானியப் பொருள் என்றாலே மலிவானது, தரம் குறைந்தது என உலகம் எண்ணியது. 1950இல் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் அங்குச் சென்று தரக்கட்டுப்பாடு குறித்து விரிவுரையாற்றினார். அடுத்த ஆண்டே அவர் பெயரால் ஒரு பரிசு நிறுவப்பட்டது. 1962இல், தொழிலாளரே கூடிக் குறைகளை ஆராயும் தரவட்டங்கள் தோன்றின. ஒழுங்கு பிறவிக்குணமாயின் அதை அயலாரிடம் கற்க வேண்டிய தேவை ஏது?

மறுபேச்சின்மை என்பதும் உண்மையன்று. டொயோட்டா தொழிற்சாலையில் குறை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தச் செய்யலாம். உரையாடலில் ஜப்பானியர் அடிக்கடி கூறும் ‘ஹை’ என்னும் சொல்லை அயலார் உடன்பாடு எனக் கொள்வதுண்டு. பல வேளைகளில் அது, கதை கேட்பவர் ‘உம்’ கொட்டுவதைப் போன்றதே. ‘கேட்கிறேன்’ என்பதே அதன் பொருள்.

ஓய்வற்ற உழைப்பையும் அந்நாடு அறமாகப் போற்றி வாளாவிருக்கவில்லை. மிகையுழைப்பால் நேரும் இறப்பைக் குறிக்கக் ‘கரோஷி’ என்னும் தனிச்சொல்லே அங்கு உண்டு. 2018இல் இயற்றப்பட்ட சட்டம், மிகைநேரப் பணியைப் பொதுவாக மாதத்திற்கு 45 மணி, ஆண்டுக்கு 360 மணி என வரையறுத்தது. தன் குறையைத் தானே கண்டு திருத்த முயலும் சமுதாயமே அது.

‘நம்மவர்க்கு வராது’ என்போர்க்கு மறுமொழி தொலைவில் இல்லை. அம்பத்தூரை அடுத்த பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998இல் டெமிங் பரிசை வென்றது. இந்திய நிறுவனம் ஒன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. பாடியில் பணிபுரிந்தோர் ஜப்பானில் பிறந்தவர் அல்லர்; கற்றனர், பழகினர், வென்றனர்.

சுவரில் ‘ஐந்து எஸ்’ பலகையை மாட்டிவிட்டு, பழுதைச் சுட்டிக்காட்டும் தொழிலாளியை ‘வாயை மூடு’ என அதட்டும் இடத்தில் ஜப்பானிய முறை நிலவுவதாகக் கூறவியலாது. அங்கிருப்பது அதன் நிழலே. கற்க வேண்டியது பலகையின் எழுத்தை அன்று. கடைசி வரிசைத் தொழிலாளியின் சொல்லுக்கும் செவிகொடுக்கும் பண்பையே. ஓர் இனத்திற்குப் பிறவிப் பெருமையைச் சூட்டுவதும், மற்றோர் இனத்தின்மீது பிறவிக்குறையைச் சுமத்துவதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.