விருந்து யாருக்கு?

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைக் கொண்டது திருவருகைக் காலம். நவம்பர் 30-ஆம் நாளுக்கு மிக அண்மையில் வரும் ஞாயிறன்று அது தொடங்கும். டில்லியின் குளிரும் ஏறத்தாழ அப்போதுதான் தொடங்குகிறது. பீடத்தில் ஊதா நிறத் துகில், வாரத்துக்கு ஒன்றாக ஏற்றப்படும் மெழுகுவத்தி, இரவில் வீடு வீடாகச் செல்லும் கீத பவனி, ஆராதனை முடிந்ததும் தேநீரும் கேக்கும் என்று இங்குள்ள தமிழ்ச் சபைகள் களைகட்டிவிடும். ஊரை விட்டு வந்து விடுதியில் வாழும் என் போன்ற மாணவர்க்கு இவை பெரிய ஆறுதல். டில்லியில் எனக்கு வாய்த்த முதல் டிசம்பரில், என் பெயர்கூடத் தெரியாத ஒரு குடும்பத்தார் என்னை வீட்டுக்கு அழைத்துச் சென்று சோறிட்டனர். அந்த நன்றி குறையாமலே ஒன்று கேட்கிறேன்: சபையாக நாம் படைக்கும் விருந்து யாருக்கு?

விருந்து என்ற தமிழ்ச் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். புதியராய் வந்தவரே விருந்தினர். உறவினரைத் தழுவி வாழ்வதைச் ‘சுற்றந்தழால்’ என்று 53-ஆம் அதிகாரத்தில் வைத்த வள்ளுவர், விருந்தோம்பலைத் தனியே 9-ஆம் அதிகாரத்தில் வைத்தார். இரண்டும் ஒன்றல்ல என்பது அவர் கருத்து. விவிலியமும் இதையே சொல்கிறது. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 12-ஆம் அதிகாரத்திலும், எபிரெயருக்கு எழுதியதின் 13-ஆம் அதிகாரத்திலும் உபசரிப்பைக் குறிக்க வரும் கிரேக்கச் சொல் ஃபிலோக்செனியா. அந்நியரிடத்தில் அன்பு என்பது அதன் பொருள்.

நம் வழக்கமோ வேறு. கீத பவனி செல்லும் வீடுகள் பெரும்பாலும் சபைப் பதிவேட்டில் உள்ள வீடுகள். இவர் வீட்டுக் கேக் அவர் வீட்டுக்குப் போகிறது. அவர் வீட்டு முறுக்கு இவர் வீட்டுக்கு வருகிறது. வெப்பம் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குப் பாயும். இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் எவ்வளவு நேரம் ஒட்டிவைத்தாலும் எதுவும் சூடேறாது. நம் ஈகையின் நிலையும் இதுதான். கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே நிலையினர். அன்பு வளர்கிறது, மறுக்கவில்லை. ஆனால் குளிரில் இருப்பவன் குளிரிலேயே இருக்கிறான்.

குளிரில் இருப்பவர் யார் என்று தேடி அலைய வேண்டியதில்லை. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டி ‘மதராஸி கேம்ப்’ என்ற குடியிருப்பு பல பத்தாண்டுகளாக இருந்தது. வீட்டுவேலை செய்தும் கூலிவேலை செய்தும் பிழைத்த தமிழர்கள் அங்கே வாழ்ந்தனர். உயர்நீதிமன்ற உத்தரவை அடுத்து 2025 ஜூன் 1 அன்று அங்கிருந்த 300-க்கும் மேற்பட்ட குடிசைகள் இடிக்கப்பட்டன. தகுதியுள்ளோர் எனக் கண்டறியப்பட்ட குடும்பங்களுக்கு டில்லியின் வடகோடியான நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. வேலை செய்த வீடுகளும் பிள்ளைகள் பயின்ற பள்ளியும் பழைய இடத்துக்கு அருகே. புதிய இடமோ நகரின் மறுமுனை. வழக்கின் நியாயம் பற்றி நான் இங்கே வாதிடவில்லை. நம் மொழி பேசும் மக்கள் இடம்பெயர்ந்து நிற்கையில், சத்திரத்தில் இடமின்றிப் பிறந்த குழந்தையை வரவேற்கிறோம் என்று பாடும் சபைக்கு ஒரு கடமை உண்டு என்பதே என் வாதம்.

‘நம் சபையிலேயே ஏழைகள் இருக்கிறார்களே, வசதிக்கு எங்கே போவது?’ என்று கேட்பார்கள். மக்கெதோனியச் சபைகள் கொடிய வறுமையில் இருந்தபோதே எருசலேமுக்குக் காணிக்கை திரட்டின எனப் பவுல் எழுதுகிறார். ‘மதம் மாற்ற வந்தார்கள் எனப் பழி வருமே?’ என்பது இன்னொரு தயக்கம். இது இந்நாளில் வீண் அச்சம் அன்று. ஆயினும் அதற்கும் லூக்காவின் 14-ஆம் அதிகாரத்தில் விடை உண்டு. பதில்விருந்து வைக்க இயலாதவரை அழை என்கிறார் இயேசு. பதிலாகப் பணத்தை எதிர்பாராதது போலவே மனமாற்றத்தையும் எதிர்பாராமல் கொடுப்போம். துண்டுப் பிரசுரம் வேண்டா, புகைப்படமும் வேண்டா. கம்பளியை ஒரு கையால் நீட்டி மறு கையால் படம் எடுத்தால் பெறுபவர் கூசிப்போவார்.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. நான்கு ஞாயிறுகளில் ஒரு ஞாயிற்றின் உணவைச் சபை நரேலாவில் அம்மக்களோடு அமர்ந்து உண்ணட்டும். பொட்டலம் கொடுத்துத் திரும்புதல் விருந்தாகாது. அன்றைய காணிக்கை முழுவதும் பிள்ளைகளின் பேருந்துச் செலவுக்கும் புத்தகத்துக்கும் செல்லட்டும். மூன்றாவது, நம் சங்கத்துக்கு: கணிதமும் அறிவியலும் தமிழும் கற்றுத்தர நம்மில் ஆள் உண்டு. வாரம் ஒருநாள் முறைவைத்துப் போகலாம். இதற்குக் கிறிஸ்தவராய் இருக்க வேண்டும் என்பதில்லை.

நண்பர்களே! இரண்டு அங்கி உள்ளவன் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும் என்றான் யோவான் ஸ்நானகன். திருவருகைக் காலத்தில் பல சபைகளில் வாசிக்கப்படும் பகுதி அது. நம்மில் பலரிடம் இரண்டு கம்பளிச் சட்டைகள் இருக்கின்றன. டிசம்பருக்குள் பெயர் கொடுக்க விரும்புவோர் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். முதல் பெயராக என் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.