ஹிட்லரோடு கதையை முடித்துக்கொண்டோம்

ஹிட்லர் வரலாறு விற்காத புத்தகக் காட்சி நம்மிடம் அரிது. வாங்கி வாசிக்கிறோம், 1945 ஏப்ரல் 30 அன்று அவர் தன்னைச் சுட்டுக்கொண்டதும் புத்தகத்தை மூடிவிடுகிறோம். யூதப் படுகொலை என்றால் நமக்கு ஆஷ்விட்ஸும் ஆன் ஃபிராங்க்கும்தான். ட்ரெப்ளிங்காவை நாம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

வார்சாவுக்கு வடகிழக்கே சுமார் 80 கிலோமீட்டரில், கொல்வதற்கென்றே கட்டிய முகாம் அது. 1942 ஜூலை 23இல் தொடங்கி, ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களை விழுங்கியது. ரயிலில் வந்து இறங்கியவர்களில் பெரும்பாலோர் சில மணி நேரத்தில் நச்சுப்புகை அறையில் பிணமானார்கள். 1943 ஆகஸ்ட் 2இல் கைதிகள் கிளர்ந்தெழுந்தார்கள். தப்பியோடிப் போர் முடியும்வரை பிழைத்திருந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. பிறகு நாஜிகள் முகாமை இடித்தார்கள், நிலத்தை உழுதார்கள், தடயம் மறைக்கப் பண்ணைவீடு கட்டினார்கள்.

தாகூரைக் கொண்டாடுகிற நாம் இதையாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும். யூதர்களை அடைத்துவைத்திருந்த வார்சா கெட்டோவில் யானுஷ் கோர்ச்சாக் நடத்திய அநாதை இல்லக் குழந்தைகள், 1942 ஜூலையில் தாகூரின் ‘அஞ்சல் நிலையம்’ நாடகத்தை நடித்தார்கள். அடுத்த மாதமே அவரையும் அந்தக் குழந்தைகளையும் ட்ரெப்ளிங்காவுக்கு ரயிலேற்றினார்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக்கொடுத்தோம்?

முகாமை நடத்தியவர்கள் என்ன ஆனார்கள் என்றும் நாம் விசாரிக்கவில்லை. முதல் தளபதி இர்ம்ஃப்ரீட் எபெர்ல் ஒரு மருத்துவர். 1948இல் சிறையில் தூக்கிட்டுக்கொண்டார். அடுத்தவர் ஃபிரான்ஸ் ஸ்டாங்கல், ஆஸ்திரியப் போலீஸ்காரர். சிறையிலிருந்து நழுவி, ரோமில் ஆயர் அலோயிஸ் ஹூடால் கைகொடுக்க சிரியா போய், 1951இல் பிரேசிலில் குடியேறினார். அங்கே ஃபோக்ஸ்வாகன் ஆலையில் சொந்தப் பெயரிலேயே வேலை பார்த்தார். 1967இல்தான் பிடிபட்டார், 1970 டிசம்பரில் ஆயுள் தண்டனை, ஆறு மாதத்தில் மரணம். கடைசித் தளபதி குர்ட் ஃபிரான்ஸ் சமையல்காரர். 1959இல் கைதானபோது அவர் வீட்டில் ட்ரெப்ளிங்கா படங்கள் ஒட்டிய ஆல்பம் சிக்கியது. ‘இனிய காலங்கள்’ என்று அதற்குத் தலைப்பிட்டிருந்தார். 1965இல் ஆயுள் தண்டனை பெற்றவர், 1993இல் வெளியே வந்து 1998வரை வாழ்ந்தார்.

மருத்துவர், போலீஸ்காரர், சமையல்காரர். எல்லாப் பழியையும் ஒரு பித்தன் தலையில் கட்டிவிட்டால், இவர்களைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. அந்த வசதிக்குத்தான் நாம் பழகிப்போனோம். அதனால்தான், “ஹிட்லர் மாதிரி ஒருத்தர் வந்தாத்தான் நாடு உருப்படும்” என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்கிறோம். அப்படி ஒருவர் வந்தால் முகாமுக்கு யார் யார் வேலைக்குப் போவார்கள் என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும்.